குவாண்டம் ஈர்ப்பு: ஒளி லேட்டா வந்ததா?

குவாண்டம் ஈர்ப்புன்னு பேச ஆரம்பிச்சாலே எனக்கு வர்ற முதல் கேள்வி: "அதை யாராவது பார்த்திருக்காங்களா?" இல்லை. பார்க்கவே முடியாதுன்னா அது அறிவியலா, வெறும் கணக்கா? நியாயமான கேள்வி. அதனால இன்னைக்கு ஒரு தேடலைப் பத்திச் சொல்றேன்.

ஐன்ஸ்டீனோட பொதுச் சார்பியல்ல, வெளியும் காலமும் சேர்ந்து வழவழப்பான ஒரு பரப்பு மாதிரி. குவாண்டம் விதிகளையும் சேர்த்தா, மிக மிகச் சின்ன அளவுல அது நுரை மாதிரி இருக்கலாம்னு ஒரு யூகம். அதை நேரடியா சோதிக்க, ஜெனீவா பக்கத்துல இருக்குற எல்எச்சி இயந்திரத்தை விடக் கோடி கோடி மடங்குக்கும் மேல ஆற்றல் வேணும். கட்டவே முடியாது.

1998-ல ஜியோவானி அமெலினோ-கமேலியாவும் சக விஞ்ஞானிகளும் வேற வழி சொன்னாங்க. நுரை இருந்தா, ஆற்றல் அதிகமான ஒளி துளியூண்டு மெதுவா வரலாம். அந்த வித்தியாசத்தை இங்கே அளக்க முடியாது. ஆனா பல நூறு கோடி வருஷம் பயணம் பண்ணா? சிறு துளி பெருவெள்ளம்!

2009 மே 10. ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி ஒரு காமா கதிர் வெடிப்பைப் பிடிச்சது. அந்த ஒளி கிளம்பி சுமார் 700 கோடி வருஷம் ஆகியிருந்தது. அதுல ஒரு ஃபோட்டானோட ஆற்றல் 31 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். நம்ம கண்ணுக்குத் தெரியுற ஒளியை விட ஆயிரம் கோடி மடங்கு.

அது எவ்வளவு லேட்? வெடிப்பு தெரிய ஆரம்பிச்சு ஒரு செகண்டுக்குள்ளயே வந்துடுச்சு. அந்த இடைவெளி முழுக்க நுரையாலதான்னு வச்சுக்கிட்டாலும், எதிர்பார்த்த தாமதத்தை விடக் குறைவு. 2022 அக்டோபர்ல வந்த இன்னொரு பிரம்மாண்ட வெடிப்பை வச்சு, சீனாவுல இருக்குற லாசோ ஆய்வகம் இன்னும் கறாரா சோதிச்சது. அங்கேயும் தாமதத்துக்கான தடயம் இல்லை.

அப்போ குவாண்டம் ஈர்ப்பு பொய்யா? அப்படி இல்லை. ஆற்றல் கூடக் கூட அதே விகிதத்துல வேகம் குறையும்ங்கற எளிமையான வடிவம்தான் அடி வாங்கியிருக்கு. இதைவிட ரொம்பக் குறைவான தாமதத்தைச் சொல்ற வடிவங்களும், தாமதமே இருக்காதுன்னு சொல்ற கோட்பாடுகளும் பிழைச்சு நிக்குது.

ஆனா எனக்குப் பெருசா படுறது இதுதான்: கரும்பலகையில மட்டுமே இருந்த ஒரு யூகத்தை, ஒத்தை ஃபோட்டான் வந்து சேர்ந்த நேரத்தை வச்சு மடக்க முடிஞ்சிருக்கு. தோத்துப்போக வாய்ப்பிருக்குன்னா, அது அறிவியல்தான்.

அடுத்த எபிசோட்ல, விண்வெளிக்கே போகாம ஆய்வகத்துல ரெண்டு குட்டித் துகள்களை வச்சே இதைச் சோதிக்கலாம்னு 2017-ல வந்த யோசனையைப் பத்திப் பேசலாம்.