அஞ்ச வேண்டியது எதற்கு?

பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளமாய்த் திரள்வர். விரல் குறைந்த கைகளை ஏந்தி ஓரத்தில் அமர்ந்திருப்போரைக் கண்டதும் பலர் காசை எட்ட நின்றே எறிந்துவிட்டு விலகுகின்றனர். தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம்! நம் பங்குக் குடும்பங்களும் இவ்வச்சத்திற்கு விலக்கல்ல. தொழுநோயைக் குறித்து அறிவியல் கூறுவதோ வேறு.

இந்நோய் சாபத்தாலோ குலவழியாகவோ வருவதன்று, ஒரு நுண்ணுயிரால் வருவது என்பதை 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டார். உயிரினங்களை வகைப்படுத்துவோர் அதனைப் பாக்டீரியாக்களுள் மைக்கோபாக்டீரியம் என்னும் பேரினத்தில் சேர்த்துள்ளனர். காசநோய்க் கிருமியும் அதே குடும்பத்து உறவுதான். 'மைக்கோ' என்பது பூஞ்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். காசக் கிருமி வளர்ப்பு நீர்மத்தின்மேல் பூஞ்சணம்போல் படர்ந்ததால் வந்த பெயரேயன்றி, இவை பூஞ்சைகள் அல்ல.

2001-இல் தொழுநோய்க் கிருமியின் மரபுத் தொகுப்பு முழுவதும் வெளியாயிற்று. அவ்வாய்வுக்கு உதவிய கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டது. 'டி.என்.' என்றே அதற்குப் பெயர். காசக் கிருமிக்குச் சுமார் 4,000 மரபணுக்கள் இருக்க, இதற்கு வேலை செய்பவை ஏறக்குறைய 1,600 மட்டுமே. இன்னும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை செயலிழந்து கிடக்கின்றன. தானே பிழைக்கும் திறனைப் பெரிதும் இழந்துவிட்ட உயிர் இது. ஆய்வுக்கூடக் குழாயில் வளராது. குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருக, இதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். ஆதலின் தொற்றியபின் நோய் தலைகாட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

இத்தகைய கிருமியை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் உடல் இயல்பான எதிர்ப்பாற்றலாலேயே வென்றுவிடுகிறது. எஞ்சியோரிடத்தும் நோயின் உருவை முடிவு செய்வது பெரும்பாலும் அவரவர் உடற்காவலே. இரத்த வெள்ளணுக்கள் வலுவுடன் எதிர்த்தால் ஓரிரு படைகளோடு நோய் நிற்கும். எதிர்ப்புக் குன்றினால் உடலெங்கும் கிருமி பெருகும். 1966-இல் ரிட்லி, ஜாப்ளிங் என்னும் இருவர் வகுத்த முறை, கிருமியை விடுத்து நோயாளியின் எதிர்ப்பாற்றலைக் கொண்டே இந்நோயைத் தரம் பிரிக்கிறது. வகைப்பாட்டில் இஃது ஒரு புதுமை என்போம்.

விரல்களைக் கிருமி தின்பதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு இதனை ஐயமறக் காட்டினார். கிருமி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு செத்தால் வலி தெரியாது. வலி தெரியாதவன் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிப்பான், ஆணியை மிதித்தபடி நடப்பான். உறங்கும்போது எலி விரலைக் கடித்ததையும் அறியாதோர் இருந்தமையால் நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தனராம்! எனவே குறைந்த விரல் பழைய காயத்தின் வடு. மருந்துண்டு முடித்தவரிடம் தொற்று இல்லை.

விவிலியத்தின் லேவியர் நூல் துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட 'தொழுநோய்' காண்கிறது. அச்சொல் இந்நோயொன்றை மட்டும் சுட்டுவதன்று என்பதற்கு அதுவே சான்று. அதிகாரங்கள் 13, 14-ஐப் படிப்போர் இதை மனத்திற்கொள்க.

தொற்று உண்மையில் எங்கிருந்து வருகிறது? சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்வோரிடம், மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தெறிக்கும் நீர்த்திவலைகளால். பிள்ளையின் முதுகில் வெளிறியோ சிவந்தோ ஒரு தேமல், தொட்டால் உணர்வில்லை என்றால், அதைத்தான் கவனிக்க வேண்டும். பெண்பிள்ளையாயின் திருமணத்தை எண்ணிப் பெற்றோர் மறைப்பதுண்டு. இந்நோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்டப் பிரிவுகளே 2019-இல்தான் நீக்கப்பட்டன. பெற்றோரை மட்டும் குறைகூறி என்ன பயன்? மறைத்த நாள்களில் நரம்பு கெடுகிறது. கெட்ட நரம்பை மருந்து மீட்பது அரிது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம். படைகள் சிலவெனில் 6 மாதம், பலவெனில் 12 மாதம். முதல் சில நாள்களிலேயே தொற்றும் தன்மை பெரும்பாலும் அகன்றுவிடும். வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும், பரிசோதித்தபின், ரிஃபாம்பிசின் ஒரேயொரு வேளை கொடுக்கலாமென உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வழிகாட்டியுள்ளது. ஒரு வீட்டில் நோய் தெரிந்தால் அங்குள்ள அனைவரையும் அழைத்துச் செல்க.