பழைய மின்சாரக் காரா, புதியதா?

கம்பெனியாரே பரிசோதித்துச் சான்றிதழ் அளித்த பழைய மின்சாரக் கார்கள் இந்நாளில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பழைய பம்பு செட்டு வாங்கும் நம் அங்கத்தினர் அதனை ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டே விலை பேசுவர். மின்சாரக் காரிலோ சத்தமே இல்லை; தேய்மானம் பேட்டரிக்குள் மறைந்திருக்கின்றது.

2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காரை எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரி 30.2 யூனிட் கொள்ளும். அதற்கு உத்தரவாதம் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர். எது முந்துகிறதோ அதுவரை. இக்கெடு முதற் சொந்தக்காரர் வாங்கிய நாளிலிருந்தே எண்ணப்படும். ஆகவே அவ்வாண்டு விற்ற வண்டிக்கு 2028இல் முடிந்துவிடும். அதனை இன்று ஐந்தாண்டுக் கடனில் வாங்குவோர், உத்தரவாதம் தீர்ந்த பின்னரும் தவணை கட்டிக்கொண்டிருப்பர்!

பேட்டரியின் திறன் 80 சதவீதமாக இறங்கியிருப்பின் 24 யூனிட்தான் தேறும். யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் எனக் கொண்டால் 144 கிலோமீட்டர். நாள்தோறும் சந்தைக்கும் சங்கத்துக்கும் போய்வர இது தாராளம். சேலத்திலிருந்து சென்னை செல்வோர்க்கு வழியில் சார்ஜ் ஏற்றாமல் முடியாது.

புதிய மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பழையதற்கு 2025 முதல் 18 சதவீதம் என்பது கேட்டு அஞ்ச வேண்டா. அது வியாபாரியின் லாபத்தின்மீது மட்டுமே. 50,000 ரூபாய் லாபமெனில் வரி 9,000 ரூபாய்.

இரண்டு, மூன்று ஆண்டுகளே ஓடிய வண்டியாயின் பழையதே நமது கட்சி. ஆனால் பேட்டரியின் மீதித் திறனையும், உத்தரவாதம் புதுச் சொந்தக்காரருக்கு மாற்றப்படுவதையும் எழுத்தில் பெறாமல் முன்பணம் கொடுத்தலாகாது.