மல்லிக்குக் கவாத்து, சாமந்திக்குத் தை

கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பொங்கல் வரிசை அனுப்பும் வீடுகளில் கரும்பும் மஞ்சள் கொத்தும் பச்சரிசியும் வெல்லமும் புடவையும் பேச்சே இல்லாமல் முடிவாகிவிடும். யோசனை வருவது பூவில்தான். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் உள்ள பிரம்மதேசத்தில் ஆனாலும் சரி, சென்னையில் ஆனாலும் சரி, வரிசைத் தட்டுக்கு மல்லிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம். சித்திரையில் கிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்லி, பொங்கலை ஒட்டி மதுரைச் சந்தையில் 2,000 ரூபாயைத் தாண்டிப் போவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. அந்த விலைக்குக் கிடைக்கும் பூவும் சிறுத்து, மொட்டு திரளாமல், மணம் குறைந்துதான் வருகிறது. பனிக்காலத்தில் ஒருவருக்குப் பூ அனுப்ப நினைத்தால், பழக்கத்தில் வாய்க்கு வருகிற பூவைக் கேட்பதை விட, எந்தச் செடி இப்போது தானே பூக்க நினைக்கிறது என்று பார்த்து வாங்குவதே நல்லது. பெறுகிறவருக்கும் அதுதான் நல்லது, பயிரிட்டவருக்கும் அதுதான் நல்லது.

மல்லி ஏன் பனியில் பூக்கத் தயங்குகிறது என்பதற்கு விவசாயியின் நாட்காட்டியே சான்று. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்யச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. ஆக, நாம் தலையில் வைக்க ஆசைப்படும் மூன்று மணப்பூக்களுக்கும் கத்தி படும் காலம் இதுதான். கவாத்துக்குப் பிறகு உரம் வைத்து, தண்ணீர் கட்டி, துளிர் விடக் காத்திருந்தால் பங்குனி வெயிலில் மல்லி கொத்துக் கொத்தாக வரும். மரக்காணத்து உப்பளமும் இதே கணக்கில்தான் நடக்கிறது. கார்த்திகை மழையில் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும். தை பிறந்து வெயில் ஏறிய பிறகு பாத்தியைச் சீர்செய்து உப்புநீர் ஏற்றுவார்கள். கோடை முற்ற முற்ற உப்பு விளையும். உப்புக்கும் மல்லிக்கும் தாய் ஒன்றே, அது வெயில். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் பெய்யும் மழையோ சாதாரணமானதல்ல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வேரில் நீர் தேங்கிய மல்லிச் செடி அடுத்த மாதமே பூத்துத் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

சாமந்தியின் கதை இதற்கு நேர் எதிர். ஆனி, ஆடியில் நட்ட நாற்று, பகல் குறுகி இரவு நீளத் தொடங்கியதும் இலை வளர்ப்பதைக் குறைத்துக்கொண்டு மொட்டு கட்டும். செடிகள் பகலிரவின் நீளத்தை உணர்ந்து பூக்கின்றன என்பதை 1920-இல் கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலையையும் சோயாவையும் வைத்து நிறுவினார்கள். அந்த வகையில் இரவு நீண்டால் பூக்கும் செடி சாமந்தி. நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேர வித்தியாசம்கூட இல்லை. அந்தச் சிறிய மாற்றத்தையும் செடி கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது என்பது எண்ண எண்ண வியப்பு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து வயல்கள் மார்கழியில் மஞ்சளாகத் தெரிவது இதனால்தான். வேலியோரம் வளரும் டிசம்பர் பூவும் இந்தக் காலத்துப் பூவே. ஊதாவிலும் வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் பூக்கும் அதற்கு மாதத்தின் பெயரையே மக்கள் வைத்துவிட்டார்கள். ஒரு செடி எப்போது பூக்கும் என்பதைப் பெயரிலேயே பொதிந்து வைத்த தெருவோரத்து அறிவுக்கு ஈடாக எந்த அட்டவணையையும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

மல்லி இல்லாத தட்டு மங்கலமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். மதிக்க வேண்டிய கேள்வி. ஆனால் மரபைச் சற்று உற்றுப் பார்த்தால் அதுவும் பருவத்தின் பக்கமே நிற்கிறது. மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகுவது அப்போது கொடியில் பூத்திருக்கும் பூசணிப்பூவை. போகியன்று கொங்கு நாட்டில் காப்புக் கட்டுவது பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்து. இவற்றில் எதையும் யாரும் எங்கிருந்தோ தருவிக்கவில்லை, காலடியில் இருந்ததைப் பறித்து மங்கலமாக்கினார்கள். எயிற்பட்டினம் என்று சிறுபாணாற்றுப்படை குறிப்பது இந்த மரக்காணத்தையே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அந்தக் கடற்கரை வழியை அந்நூல் அடையாளம் காட்டுவதும் தாழை, செருந்தி, முண்டகம், புன்னை என்று உவர்மண் தாங்கும் பூக்களைக் கொண்டே. மணம் என்று கேட்டால் மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்: நன்றாகத் திரண்ட கோடை மல்லிக்கு மாற்று கிடையாது. அதற்காகப் பனிக்காலத் தட்டு மணமற்றுப் போக வேண்டியதில்லை. சாமந்திச் சரத்தில் இடையிடையே மரிக்கொழுந்து வைத்துக் கட்டினால் அறை முழுக்க மணக்கும். காக்கரட்டான் குளிரிலும் பூக்கும். மற்ற மல்லி வகைகள் கிடைக்காத நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் பூக்கும் நட்சத்திர மல்லிகை ரகம் ஒன்றை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. மகளுக்கு மல்லிதான் உயிர் என்றால் சித்திரையில் கூடை நிறைய அனுப்பலாமே!

சாமந்தி சாவு வீட்டு மாலைக்குப் போகிற பூ ஆயிற்றே என்பது இன்னொரு தயக்கம். அது ஆயுத பூஜைக்கும் போகிறது, அம்மனுக்கும் போகிறது, மணமேடைக்கும் போகிறது. ரோஜாவும் இரண்டு இடத்துக்கும் போகிற பூதான், அதை யாரும் ஒதுக்குவதில்லை. இந்தத் தயக்கத்துக்கு முழு வலு இருக்கும் இடம் பிரான்ஸ். அங்கே நவம்பர் தொடக்கத்தில் இறந்தோரை நினைக்கும் நாட்களில் கல்லறைகளெல்லாம் சாமந்தியால் நிறையும், ஏனெனில் அந்தக் குளிரில் தாராளமாகக் கிடைப்பது அதுதான். ஆகவே பாரிசில் இருக்கும் தமிழர், பிரெஞ்சு நண்பர் வீட்டுக்குச் சாமந்தி கொண்டு போகாமலிருப்பதே மரியாதை. ஜப்பானிலோ அதே பூ அரச குலத்தின் சின்னம். தென்கோளத்தில் உள்ள ஆஸ்திரேலியாவில் மே மாதம் இலையுதிர் காலம் என்பதால் சாமந்தி அப்போது பூக்கிறது, அதனால் அது அன்னையர் தினப் பரிசு. செடி ஒன்று, பொருள் மூன்று. பொருளைத் தந்தது பூ அல்ல, அது பூத்த வேளையில் அந்த ஊர் என்ன கொண்டாடியது என்பது. தைப் பொங்கலில் பூக்கும் சாமந்திக்கு நாம் தரும் பொருள் நம் கையில் இருக்கிறது.

மல்லி விலை ஏறினால் விவசாயிக்கு ஆதாயம்தானே, அதை ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்கலாம். விலை ஏறுவதே பறிக்கப் பூ இல்லாததால்தான். கிலோவுக்கு 2,000 ரூபாய் கிடைக்கும் நாளில் அவர் கூடையில் இருப்பது கைப்பிடி. மாறாக, சாமந்தி பயிரிட்டவர் பண்டிகை நாள் கடந்ததும் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் பூவைச் சாலையோரம் கொட்டிய செய்தி அடிக்கடி வருகிறது. மார்கழியில் கல்யாண முகூர்த்தம் கிடையாது. வயலில் பூ நிறைந்திருக்கும்போதே வாங்குவோர் குறையும் மாதம் அது. அந்த மாதத்தில், புத்தாண்டை முன்னிட்டாவது, நாலு வீட்டுக்குப் பூ அனுப்பும் வழக்கம் வந்தால் உண்மையான ஆதாயம் அங்கேதான். தூரத்திலிருந்து வரும் பூ எல்லாம் தவறு என்றும் நான் சொல்லவில்லை. 2007-இல் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் பிரிட்டனுக்கு வரும் ரோஜாக்களை ஒப்பிட்டது. 12,000 ரோஜாவுக்குக் கென்யப் பூ வெளியிட்ட கரிவளி சுமார் 2,200 கிலோ, ஹாலந்தின் சூடேற்றிய கண்ணாடி வீட்டுப் பூவுக்கு 35,000 கிலோ. விமானத்தில் வந்தும் கென்யா குறைவாக இருக்கக் காரணம், அங்கே வெயிலே செடியை வளர்க்கிறது. பருவத்தை மீறுவதற்குத் தூரத்தைவிடக் கூடுதல் விலை இருக்கிறது.

எங்கே அனுப்புகிறோம் என்பதையும் பார்த்துத்தான் பூவைத் தேர வேண்டும். டிசம்பர் பூவின் இதழ் மெல்லியது, பயணம் தாங்காது. அது அடுத்த தெருவுக்கும் பக்கத்து ஊருக்கும் ஏற்றது, அன்று காலை தொடுத்து அன்றே சூடிக்கொள்ள வேண்டும். கனகாம்பரத்துக்கு மணம் இல்லை, ஆனால் எடையே தெரியாது, சீக்கிரம் வாடாது. இரண்டையும் மரிக்கொழுந்தோடு சேர்த்துக் கதம்பமாகக் கட்டினால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். பிரம்மதேசத்திலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போக வேண்டிய பூ என்றால் சாமந்திதான். வெளியிதழ் விரிந்து நடு இன்னும் இறுகியிருக்கும் பூவாகப் பொறுக்கி, இதழில் ஈரம் இல்லாமல் வாழை இலையில் சுற்றிக் கொடுத்துவிட்டால் போய்ச் சேர்ந்த பிறகும் சில நாள் இருக்கும். இன்னும் தாராளமாகச் செய்ய நினைப்பவர்கள் மொட்டு வைத்த சாமந்தித் தொட்டியையே அனுப்பலாம். பூ ஓய்ந்ததும் தண்டை வெட்டிவிட்டால் அடியிலிருந்து பக்கக் கன்று வரும், ஆடியில் அதைப் பிரித்து நட்டால் அடுத்த பொங்கலுக்கு அந்த வீட்டிலேயே பூ இருக்கும்.