கம்பம் திராட்சையும் 77 இலக்கப் பகா எண்ணும்

கம்பம் அருகே சுருளிப்பட்டிப் பந்தலில் பழுத்துத் தொங்கும் பன்னீர் திராட்சையைப் படமெடுத்து, குமுளிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் ஒரு விவசாயி. ‘கிலோ என்ன விலை?’ என்று பதில் வருகிறது. இந்தப் பேரத்தை இடையில் யாரும் படித்துவிடாமல் காப்பதில் ஒரு பகா எண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த எண் 2²⁵⁵ − 19. அதாவது 255 இரண்டுகளைப் பெருக்கி 19-ஐக் கழித்தால் வருவது. மொத்தம் 77 இலக்கங்கள். 5789 என்று தொடங்கி 949 என்று முடியும்.

ஏன் 19? 2²⁵⁵-இலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினால் முதலில் எதிர்ப்படும் பகா எண் இதுதான். டேனியல் பெர்ன்ஸ்டைன் 2006-இல் வெளியிட்ட ‘கர்வ்25519’ குறியாக்க முறை இதன்மேல்தான் நிற்கிறது. வாட்ஸ்அப் பயன்படுத்துவதும் அதையே. இரு போன்களும் ஆளுக்கொரு ரகசிய எண்ணை வைத்துக்கொண்டு, அதிலிருந்து கணக்கிட்ட வேறோர் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்கின்றன. அதைக் கொண்டு இரண்டும் ஒரே சாவியை உருவாக்கிவிடும். நடுவில் நின்று பார்ப்பவர் ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க, இன்றைய கணினிகளுக்கு எட்டும் வழி எதுவும் தெரியவில்லை.

இந்தக் கணக்கில் எல்லாமே மீதிதான். எந்த விடை வந்தாலும் நம் பகா எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு பெரிய எண்ணால் வகுப்பது நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் 2²⁵⁵-ஐ இதனால் வகுத்தால் மீதி வெறும் 19. ஆகவே 255 பிட்டுக்கு மேல் வழியும் பகுதியை 19-ஆல் பெருக்கிக் கீழ்ப்பகுதியோடு கூட்டினால், பெரிய வகுத்தலே தேவைப்படாது. விலை குறைந்த போனிலும் வேலை சட்டென முடிவது இதனால்தான்.

சரி, இது பகா எண்தான் என்று எப்படி உறுதி செய்வது?

பள்ளியில் கற்ற வழியில் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்க்கலாம். இங்கே அந்த வர்க்கமூலமே 39 இலக்க எண். நொடிக்கு லட்சம் கோடி முறை வகுத்தாலும் பிரபஞ்சத்தின் வயது போதாது. ஃபெர்மாவின் சோதனை வேகமானது. ஆனால் 561 போன்ற எண்கள் அதை ஏமாற்றிவிடும். 3, 11, 17 ஆகியவற்றின் பெருக்கற்பலன்தான் 561. அதனால் சோதிக்கும் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து வருவதைக் காரணிப்படுத்துவது போன்ற கறாரான நிரூபணங்கள் தேவைப்படுகின்றன. எந்த எண்ணுக்கும் பொருந்தும் உறுதியான, விரைவான வழி உண்டு என்று 2002-இல் நிரூபித்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயல், நிதின் சக்சேனாவும்.

போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி வந்தால் கர்வ்25519-ஐ உடைக்கலாம் என்பது 1994-இல் பீட்டர் ஷோர் கண்ட வழிமுறையிலிருந்து தெரிகிறது. அதற்கு முன்னேற்பாடாக, சிக்னல் செயலி 2023-இல் ‘கைபர்’ என்ற முறையையும் கூடச் சேர்த்தது. அதிலுள்ள பகா எண் 3329 மட்டுமே. 53 வரையுள்ள 16 பகா எண்களால் வகுத்துப் பார்த்து, கம்பத்துப் பள்ளி மாணவி ஒருத்தி ஒரே தாளில் இதை நிரூபித்துவிடலாம். கைபரின் பலம் வேறொரு கடினமான கணக்கில் இருப்பதால் எண் சிறிதாக இருப்பது பிரச்சினையில்லை. 3329-இல் 1-ஐக் கழித்தால் 13 × 256. கைபரின் பெருக்கல்களை வேகமாக்குவது அந்த 256.