வீட்டு வாசலிலிருந்து அளக்க வேண்டிய தூரம்

காட்டுப்பன்றிகளைக் கட்டுப்படுத்துவதற்காகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். பயிரை இழக்கும் விவசாயிக்கும் காட்டுயிருக்கும் நடுவே நியாயமான ஒரு கோடு போடும் முயற்சி இது. ஆனால் இந்த எண்கள் காட்டின் விளிம்பிலிருந்து எண்ணப்படுபவை. செங்கல்பட்டு மாவட்டத்தில் காட்டு விளிம்பை விட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போனால் அங்கே வெறும் வயல்வெளி இல்லை. சிங்கப்பெருமாள் கோயில், திருப்போரூர், திருக்கழுக்குன்றம் என்று எந்தப் பக்கம் போனாலும் வயலுக்கும் ஏரிக்கும் இடையே மனைப்பிரிவுகள் முளைத்திருக்கின்றன. மாமல்லபுரம் வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்பின் வேலிக்கு மறுபக்கமே ஒரு குடியிருப்பின் மதில் நிற்கிறது. இங்கே துப்பாக்கி சுடுவதற்கான தூரத்தை வீட்டு வாசலிலிருந்தும் அளக்க வேண்டும், அந்த அளவை எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமை குடியிருப்பவர்களுக்கு உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் வேட்டை. புறநகரில் மனை வாங்கிக் குடியேறுகிறவர்களில் பலர், காட்டுக்குள் சுட்டால்தான் குற்றம், ஏரிக்கரையிலும் தரிசிலும் முயலையோ கௌதாரியையோ சுடுவது யாரும் கேட்காத விஷயம் என்று நினைக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 9-வது பிரிவு, பட்டியலில் உள்ள விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. இடம் காடா, பட்டா நிலமா, ஏரியா என்பது பொருட்டே இல்லை. வேட்டை என்பதும் கொல்வது மட்டுமல்ல. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விரட்டுவது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வடிவத்தின்படி, மயில், உடும்பு போன்ற முதல் பட்டியல் உயிர்களை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே ஏரிக்கரையில் கேட்கும் வேட்டுச் சத்தத்தை ‘யாரோ கொக்கு சுடுகிறார்கள்’ என்று விட்டுவிட வேண்டியதில்லை.

அடுத்தது ஆயுதம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 25(9) பிரிவு, துப்பாக்கியைக் கண்மூடித்தனமாகவோ கவனக்குறைவாகவோ பயன்படுத்தி மனித உயிருக்கோ பிறர் பாதுகாப்புக்கோ ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. திருமணத்திலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுடுவதும் இதில் அடங்கும். யாருக்கும் அடிபட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆபத்தை உண்டாக்கினாலே போதும். உரிமம் இருப்பது இதற்குக் கேடயமாகாது. பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ தேவை என்றால் 17-வது பிரிவின்படி உரிமத்தை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஏர்கன் பற்றிய குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழாய், 20 ஜூலுக்கு மேற்படாத விசை என்றால் அதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் உரிமம் வேண்டாத அந்த ஏர்கனால் ஒரு மடையானைச் சுட்டாலும் அது வேட்டைக் குற்றமே. நாட்டுத் துப்பாக்கிக்கோ உரிமம் கட்டாயம். உரிமம் இல்லாமல் பால்ரஸ் குண்டு போட்டுச் சுடுகிறவர் ஒரே விரலசைவில் இரண்டு சட்டங்களை மீறுகிறார்.

இத்தனை சட்டம் இருக்கும்போது தனியாகத் தூரம் எதற்கு என்று கேட்கலாம். குண்டு சட்டம் படித்துவிட்டு நிற்பதில்லை என்பதுதான் விடை. மிகச் சிறியதாகக் கருதப்படும் .22 ரகத் தோட்டாவே சாதகமான கோணத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடியது. ராணுவ ரகத் துப்பாக்கியின் குண்டு அதையும் தாண்டும். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே 2021 டிசம்பர் 30 அன்று பாதுகாப்புப் படையினரும் போலீசாரும் பயன்படுத்திய துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ல் அந்தப் பிள்ளை இறந்துபோனான். சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள். தளம் அங்கீகாரம் பெற்றது. சிறுவன் இருந்ததோ வீட்டுக்குள். முறைப்படி நடந்ததாகச் சொல்லப்பட்ட பயிற்சியிலேயே இப்படி என்றால், இரவில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு புதருக்குள் மின்னும் கண்ணைக் குறிபார்க்கிறவரின் குண்டு எந்தச் சுவரில் போய் முடியும்?

செங்கல்பட்டுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த அனுமந்தபுரத்தில் பாதுகாப்புப் படைகளின் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் இருக்கிறது. அதற்கு அருகிலேயே மகேந்திரா வேர்ல்டு சிட்டியும் அதைச் சுற்றிய குடியிருப்புகளும் வளர்ந்து நிற்கின்றன. 2019 ஆகஸ்டில் திருப்போரூர் அருகே மானாம்பதியில் கோயில் குளத்தைத் தூர்வாரியபோது கிடைத்த ஒரு மர்மப் பொருள் வெடித்து இளைஞர்கள் உயிரிழந்தார்கள். அனுமந்தபுரம் தளத்திலிருந்து வந்த, வெடிக்காமல் கிடந்த குண்டாக இருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. நிலத்தின் விலை ஏறிய வேகம் இன்னொரு ஆபத்தையும் கொண்டுவந்திருக்கிறது. 2020 ஜூலையில் திருப்போரூர் அருகே செங்காட்டில் நிலத்துக்குப் போகும் பாதை குறித்த தகராறு துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, அப்போதைய தொகுதி எம்.எல்.ஏ. கைதானார். யார் மீது தவறு என்பது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியது. மக்கள் நடமாடும் ஊருக்குள் துப்பாக்கி வெடித்தது என்பதே குடியிருப்பவர்களின் கவலைக்குப் போதுமானது.

எதிர்வாதங்களில் வலுவானது இது: தளமும் தோப்பும் வேட்டையும் முன்பே இருந்தவை, வீடுகள்தான் பின்னால் வந்தன, தெரிந்தே வந்து குடியேறிவிட்டு இப்போது குறை சொல்வது நியாயமா? இதில் பாதி உண்மை இருக்கிறது. மனை விற்றவரும் வரைபடத்துக்கு ஒப்புதல் தந்த அலுவலகமும் பயிற்சித் தளம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை வாங்குகிறவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுமனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா ஆணையத்தின் பதிவு எண் இருப்பதால் மட்டும் மனையைச் சுற்றியுள்ள ஆபத்துகள் ஆராயப்பட்டுவிட்டன என்று பொருளில்லை. வாங்குவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடமும் பக்கத்து ஊராரிடமும் கேட்டுவிடுவது நல்லது. ஆனால் அந்த வாதத்தின் மறுபாதி தவறு. அனுமந்தபுரத்தையும் மானாம்பதியையும் சுற்றியுள்ள பழைய கிராமத்தார் யாரும் பின்னால் வந்தவர்கள் இல்லை. முன்பே இருந்தது என்பதற்காக ஓர் ஆபத்து உரிமையாகிவிடாது. 1938-ஆம் ஆண்டின் களப்பயிற்சிச் சூடு பற்றிய சட்டமே, ஆங்கிலேயர் இயற்றியதாயினும், ராணுவம் சுடும் பகுதியை அரசு அறிவிக்க வேண்டும், ஆபத்து வளையத்தை மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும், சேதத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. தன் ஊர் அந்த வளையத்துக்குள் வருகிறதா, எந்த நாட்களில் சுடுகிறார்கள், தடுப்பு மேடு எவ்வளவு உயரம், வெடிக்காத குண்டுகளைத் தேடி அகற்றுவது யார் பொறுப்பு என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பது தேசப் பாதுகாப்புக்கு எதிரான செயல் ஆகாது.

விவசாயியின் குறை வேறு வகை. ஒரே இரவில் மணிலாவையும் கரும்பையும் பன்றிக்கூட்டம் உழுது போட்டுவிட்டுப் போன வயலைப் பார்க்கிறவரிடம் சட்டப்பிரிவு பேசுவது எளிதல்ல. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொன்றால் சட்டம் குற்றமாகக் கருதாது. பயிருக்கு அந்தச் சலுகை இல்லை; அதற்கு 11-வது பிரிவின்படி வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். இந்த அனுமதி தாமதமாகும்போதுதான், தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காயும் திருட்டு மின்வேலியும் வருகின்றன. அவுட்டுக்காயைப் பன்றிதான் கடிக்கும் என்று என்ன நிச்சயம்? வரப்பில் போகும் மாடு கடிக்கலாம், பந்து தேடிப் போகும் குழந்தை கையில் எடுக்கலாம். விவசாயிக்கு விரைவான இழப்பீடும் வனத்துறையின் உடனடி வருகையும் கேட்டுப் போராடுவது குடியிருப்புச் சங்கங்களின் வேலையும்தான். அது நடக்காதவரை அவர்களின் மதிலுக்கு வெளியே வெடிச்சத்தம் ஓயப்போவதில்லை.

வேட்டையாடிப் பிழைத்துவந்த நரிக்குறவர்களையும் இருளர்களையும் முன்னிறுத்தி ஓர் எதிர்வாதம் வரும். அதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். வேட்டையைத் தடுப்பது ஏழையின் வயிற்றில் அடிப்பது என்பார்கள். வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதற்கு நேரடியான பதில். பாம்புத்தோல் வணிகம் சட்டத்தால் நின்றுபோனபோது, அதே கைத்திறன் உரிய அனுமதியோடு பாம்பின் நஞ்சை எடுத்துத் தரும் தொழிலானது. நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த நஞ்சு பெரும் ஆதாரம். தடையோடு மாற்று வழியும் வந்ததால்தான் அது நிலைத்தது. ஆகவே ஊருக்குள் வேட்டுச் சத்தம் கேட்ட மறுநிமிடமே பக்கத்துக் குடிசைக்காரர் மீது விரல் நீட்டுவது அநீதி. புகாரில் பார்த்ததை எழுதுங்கள், சாதியை எழுதாதீர்கள்.

ஓர் ஊர் தன் எல்லைக்குள் துப்பாக்கிச் சூட்டுக்குத் தடை வாங்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இதே மாவட்டத்து வேடந்தாங்கலைப் பார்க்கலாம். அந்த ஏரிக்கு வரும் பறவைகளைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டபோது ஊர் மக்கள் செங்கல்பட்டுக்குப் போய் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தங்கள் வாழ்வாதாரத்தை முன்வைத்தே வாதாடினார்கள். வனவிலங்குச் சட்டம் வருவதற்கு 174 ஆண்டுகள் முன்பு, அந்நிய ஆட்சியிடம், ஆயுதம் ஏந்திய சிப்பாய்களுக்கு எதிராக வென்ற மனு அது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. தூரத்தை எண்ணாகவே எழுதிய சட்டமும் உண்டு: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குடியிருக்கும் வீட்டிலிருந்து 500 அடிக்குள், உரிமையாளரின் அனுமதியின்றித் துப்பாக்கியால் சுடுவது குற்றம். நம் ஆயுதச் சட்டத்தில் இப்படி ஓர் எண் இல்லை. வேட்டையே தடைசெய்யப்பட்ட நாட்டில் எண் எதற்கு என்பார்கள். பன்றி சுடும் அனுமதியும் பயிற்சித் தளமும் தற்காப்பு உரிமமும் சட்டப்படியே இருக்கும்போது எண் தேவைதான்.

இனி, சத்தம் கேட்டால் செய்ய வேண்டியது. நேரத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு 100 அல்லது 112-ஐ அழையுங்கள். தோட்டாக் கூடு கிடைத்தால் படம் எடுங்கள், கையில் எடுக்காதீர்கள். இனம் தெரியாத உலோகப் பொருள் என்றால் அருகிலேயே போகக் கூடாது. மானாம்பதியில் நடந்ததை நினைவில் வையுங்கள். காவல் நிலையத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் தனித்தனியே எழுத்தில் புகார் கொடுத்து, மனு ஏற்புச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் கொடுத்தால், இது வனத்துறை வேலை, இது போலீஸ் வேலை என்று மனு இரண்டு மேசைகளுக்கு இடையே தொலைந்துபோகும். கேளம்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் பகுதியினருக்கு மேல்முறையீடு தாம்பரம் காவல் ஆணையரிடம். மாமல்லபுரம், மதுராந்தகம் பக்கத்தினருக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம். அங்கும் பதிவாகாவிட்டால் குற்றவியல் நடுவரை அணுகலாம். வனத்துறை அசையாவிட்டால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து எந்தக் குடிமகனும் வேட்டைக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் தரலாம் என்று வனவிலங்குச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. திரும்பத் திரும்ப நடக்கும் இடமென்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவின் கீழ் தொல்லையை நீக்க உத்தரவிடும்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு செய்யலாம். காயமோ மரணமோ நேர்ந்திருந்தால், குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இழப்பீடு கோரலாம்.

தூரத்தை எழுத்தில் வாங்க வசதியான இடம் கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. வனத்துறை பன்றி சுட வருவதென்றால் குடியிருப்புக்கு இத்தனை மீட்டருக்குள் சுடக் கூடாது, முதல் நாளே ஊருக்கு அறிவிக்க வேண்டும், பயிற்சித் தள அட்டவணை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அதன் நகலை ஆட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் காவல்துறைக்கும் அனுப்பலாம். தீர்மானம் மட்டும் சட்டமாகிவிடாது என்பது உண்மை. ஆனால் அதன்பின் ஒரு குண்டு தவறிப்போய் ஒரு வீட்டுச் சுவரில் பட்டால், ஆபத்து முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது என்பதற்கு நீதிமன்றத்தில் நிற்கும் ஆவணம் அதுவே.