வண்டிக் கடனும் ஷோரூம் பில்லும்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் வண்டி விற்பனைக்கு வந்தது. நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகுதான் நடுத்தர மளிகைக் கடைக்காரரும் வாடகை வண்டிக்குக் காத்திருக்காமல் சொந்த வண்டியில் சரக்கு எடுக்க முடியும் என்ற நிலை வந்தது. இன்று தேங்காய்த்திட்டிலிருந்து அரியாங்குப்பம், பாகூர் பக்கம் சரக்கு அனுப்பும் வியாபாரிகளில் பலரிடம் ஒரு லோடு வண்டி இருக்கிறது. வீட்டுக்கென்று ஒரு காரும் சேர்ந்துவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கும் சிறிய கார்களுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்த பின் இந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது.

ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் பருப்பு மூட்டையில் கிலோவுக்கு எட்டணா குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசுகிற நாம், ஆறு லட்ச ரூபாய் வண்டிக்கு 'மாசம் எவ்வளவு வரும்?' என்ற ஒரே கேள்வியோடு கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஷோரூம்காரர் எதிர்பார்ப்பதும் அந்த ஒரு கேள்வியைத்தான். மாதத் தவணையைச் சிறியதாகக் காட்டுவது அவருக்குச் சுலபம். மொத்தத் தொகையைச் சிறியதாகக் காட்டுவதுதான் கஷ்டம்.

முதலில் வட்டியைப் பார்ப்போம். கடன் கொடுப்பவர் 'எட்டு சதவீதம்' என்றால், 'பிளாட் ரேட்டா, குறையும் இருப்புக்கா?' என்று உடனே கேட்க வேண்டும். பிளாட் ரேட் என்பது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடும் முறை. தண்டல் வாங்கியவருக்கு இது நன்றாகப் புரியும். 9,000 ரூபாய் வாங்கி, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டுகிறார். அந்த 9,000 நூறு நாளும் அவர் கையில் இருப்பதில்லை. ஐம்பதாவது நாளிலேயே பாதி அடைந்துவிடுகிறது. வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் முழு நாளுக்கும் போட்டதுதான். வண்டிக் கடனில் பிளாட் ரேட்டும் அப்படியே.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கடன் 5 லட்சம், காலம் 48 மாதம் என்று வைத்துக்கொள்வோம். பிளாட் 8 சதவீதம் என்றால் வட்டி 1,60,000 ரூபாய், மாதத் தவணை 13,750. இன்னொரு இடத்தில் குறையும் இருப்புக்கு 11 சதவீதம் என்கிறார்கள். 11 பெரியது, 8 சிறியது என்று நினைத்துத் திரும்பி வந்துவிடக் கூடாது. அங்கே மாதத் தவணை 12,923 ரூபாய்தான். நான்கு ஆண்டில் வித்தியாசம் ஏறக்குறைய 39,700 ரூபாய். பிளாட் 8 சதவீதம் உண்மையில் 14 சதவீதத்துக்கு மேல் வருகிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டுக் கடனுக்கு, பிளாட் விகிதத்தை 1.8-ஆல் பெருக்கிக்கொண்டால் ஏறக்குறைய உண்மை வட்டி கிடைத்துவிடும்.

அடுத்தது காலத்தை நீட்டும் யோசனை. 'தவணை அதிகமாகத் தெரிகிறதா சார், அறுபது மாதம் போட்டுவிடலாம்' என்பார்கள். அதே 5 லட்சம், அதே 11 சதவீதம். தவணை 10,871 ஆகக் குறையும். மாதம் 2,050 மிச்சம் என்று தோன்றும். மொத்த வட்டியோ 1,20,300-லிருந்து 1,52,300 ஆகிவிடும். வியாபாரத்தில் பணம் புரளும் வேகம் உள்ளவருக்கு இது பரவாயில்லாமலும் இருக்கலாம். ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

'வட்டியே இல்லை' என்ற விளம்பரத்துக்கு வருவோம். ஒரு பெட்டி எடுத்தால் இரண்டு சோப்பு இலவசம் என்று கம்பெனி சொல்லும்போது அந்த இரண்டு சோப்பின் விலை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது, அந்த வட்டி வேறு பெயரில் வாடிக்கையாளரிடமே வருகிறது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டியில்லாத் திட்டம் எடுத்தால் ரொக்கத் தள்ளுபடி கிடையாது என்பதுதான் வழக்கமான சூட்சுமம். 2 லட்சம் கடனை 24 மாதத்தில் வட்டியில்லாமல் அடைத்தால் மாதம் 8,333. அதற்குப் பதிலாக 25,000 தள்ளுபடி வாங்கிக்கொண்டு, மீதி 1,75,000-த்துக்கு 10 சதவீதக் கடன் எடுத்தால் மாதம் 8,075. வட்டி கட்டுகிறவருக்கே செலவு குறைவு! தள்ளுபடி சிறியதாகவும் கடன் பெரியதாகவும் இருந்தால் கணக்கு மாறி, வட்டியில்லாத் திட்டமே லாபமாகவும் வரும். ஆகவே, 'இந்தத் திட்டம் வேண்டாம் என்றால் விலையில் எவ்வளவு குறைப்பீர்கள்?' என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். முதல் தவணையை அன்றே பிடித்துக்கொள்கிறார்களா, பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 5 லட்சம் கடனில் 13,000 தவணையும் 7,000 கட்டணமும் முன்னாலேயே போனால், கைக்கு வந்தது 4,80,000தான்.

இப்போது பில்லில் ஏறும் மற்ற செலவுகள். ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவை சட்டப்படி தவிர்க்க முடியாதவை. காரின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். உண்டு; அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை 2019 ஏப்ரல் முதல் வண்டியோடு தயாரிப்பாளரே தர வேண்டும். இவற்றைத் தவிர பில்லில் உள்ள ஒவ்வொரு வரியையும் காட்டி, 'இது வேண்டாம் என்றால் என்ன ஆகும்?' என்று கேட்கலாம். ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் என்றெல்லாம் எழுதியிருப்பது அரசுக் கட்டணம் அல்ல.

காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் ஷோரூம்களுக்குக் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளும் வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றே சொல்கின்றன. 'வெளியில் எடுத்தால் எங்கள் பட்டறையில் பணமில்லாமல் வேலை பார்க்க மாட்டோம்' என்று பயமுறுத்தினால், எந்தெந்தக் கம்பெனிகளோடு பட்டறைக்கு ஒப்பந்தம் இருக்கிறது என்று பட்டியல் கேளுங்கள்; அந்தக் கம்பெனியிலேயே வேறு ஏஜெண்ட் மூலம் எடுக்கலாம். பழைய காரை விற்றுப் புதிய கார் வாங்குகிறவர், நோ கிளெய்ம் போனஸ் தன்னுடையது, வண்டியுடையது அல்ல என்பதை மறக்கக் கூடாது. சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை அது குறைக்கும். தேய்மானம் கழிக்காத பாலிசி புது வண்டிக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டு எடுப்பது நல்லதுதான்.

பூச்சு விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு தனிச் சங்கதி உண்டு. கடல் காற்று இரும்பை விடாது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடும் வண்டிக்கும், உப்பு மூட்டை ஏற்றும் வண்டிக்கும் அடிப்பாகத் துருப் பூச்சு வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஷோரூம் விலையையும் வெளியில் அதே வேலைக்குக் கேட்கும் விலையையும் விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். பளபளப்புக்காக மேலே பூசும் பூச்சு மூட்டை ஏற்றும் வண்டிக்கு எதற்கு? நீட்டிக்கப்பட்ட வாரண்டியை அன்றே எடுக்க வேண்டியதில்லை. பல கம்பெனிகள் அசல் வாரண்டி முடியும் முன் எப்போது வேண்டுமானாலும் தருகின்றன.

இந்தச் செலவுகளையெல்லாம் 'லோனிலேயே சேர்த்துவிடுகிறோம்' என்பார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். 40,000 ரூபாய்க் கூடுதல் செலவு 11 சதவீதத்தில் 48 மாதம் ஓடினால் 49,600 ஆகிறது. கேட்காமலே சேர்ப்பதும் நடக்கிற காரியம்தான். வாகனக் கடன் வாடிக்கையாளர்களுக்கு ஜி.பி.எஸ். கருவி விற்கப்பட்ட விவகாரத்தில், எச்.டி.எப்.சி. வங்கிக்கு ரிசர்வ் வங்கி 2021 மே மாதம் 10 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2013-14 முதல் 2019-20 வரை கடனோடு அந்தக் கருவியை வாங்கியவர்களுக்கு அதன் கமிஷனைத் திருப்பித் தருவதாக வங்கியே அடுத்த மாதம் அறிவித்தது. தவணைப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கடன் பாதுகாப்பு ஆயுள் காப்பீடும் இப்படித்தான் ஏறும். குடும்பத்துக்கு வேறு காப்பீடு இல்லாதவருக்கு அது பயன்படும். ஆனால் அது இல்லாவிட்டால் கடன் இல்லை என்பதற்குச் சட்டம் இல்லை.

நல்ல வேளையாக நம் கைக்கு ஓர் ஆயுதம் வந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் புதிய கடன்களுக்கு வங்கியும் நிதி நிறுவனமும் 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. தமிழில் கேளுங்கள். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். பிளாட் ரேட் வித்தை அங்கே செல்லாது. அதில் சொல்லாத கட்டணத்தை நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வாங்க முடியாது. அந்த அறிக்கை குறைந்தது மூன்று வேலை நாள் செல்லும். எனவே 'இன்றைக்கு மட்டும்தான் இந்த வட்டி' என்று அவசரப்படுத்தினால், அறிக்கையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த மூன்று நாளில் நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலும் ஒரு விலை கேளுங்கள். முன்கூட்டி அடைத்தால் என்ன கட்டணம் என்பதையும் அதில் பாருங்கள். வண்டிக் கடன் பெரும்பாலும் நிலையான வட்டிக் கடன் என்பதால் இந்தக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

லோடு வண்டி வாங்குகிற ஜி.எஸ்.டி. பதிவுள்ள வணிகர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். கடையின் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் பில் போடச் சொல்லுங்கள். சரக்கு வண்டிக்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். 6 லட்சம் வண்டிக்கு அது 1,08,000 ரூபாய். எந்த ஷோரூம் தள்ளுபடியும் இதற்குப் பக்கத்தில் வராது. காருக்கு இந்த வரவு கிடையாது, காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும் கிடையாது. வரவு எடுத்த வரித் தொகைக்குத் தேய்மானம் எழுதக் கூடாது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் நினைவுபடுத்துங்கள்.

கடன் முடிந்ததும் நிறுவனத்திடம் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் வாங்கி, அதில் குறித்த தேதிக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ஆர்.சி.யில் உள்ள அடமானப் பதிவை நீக்கிவிடுங்கள். காப்பீட்டுப் பாலிசியிலும் நிதி நிறுவனத்தின் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வண்டி விபத்தில் முழுதும் சேதமாகும் நாளில், கடனே இல்லாத நிறுவனத்தின் கடிதத்துக்காகக் காப்பீட்டுப் பணம் காத்திருக்கும்.