உரித்துப் பதிவும் உரிமை கோரும் காலமும்

இலங்கையில் ஒரு காணியின் உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருந்தால் அந்தக் காணிக்கு அரசே பொறுப்பு என்று பலர் நம்பியிருந்தாலும், 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதியப்படுவது காணியின் உரித்து அன்று; அந்தக் காணியைப் பற்றி எழுதப்பட்ட பத்திரம் மட்டுமே. விற்றவருக்கு உரித்து இல்லையென்றால், நொத்தாரிசு முறைப்படி எழுதிப் பதிந்த உறுதிகூட வாங்கியவருக்கு எதையும் பெற்றுத்தராது. பதியாமல் விடுவதோ இன்னும் பெரிய ஆபத்து. ஒருவர் தம் காணியை இருவருக்கு விற்று, இரண்டாவதாக வாங்கியவர் மோசடியில் பங்கின்றி விலை கொடுத்து முதலில் பதிந்துகொண்டால், முன்னர் வாங்கி உறுதியைப் பெட்டியில் பூட்டி வைத்தவர் காணியை இழக்க நேரும்.

இந்நிலையை மாற்றுவதற்காக இயற்றப்பட்டதே 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம். 1858 இல் தென் அவுஸ்திரேலியாவில் ரொபர்ட் டொரன்ஸ் தொடக்கிவைத்த முறையைத் தழுவிய இச்சட்டம், 2007 முதல் பிம்சவிய என்ற திட்டத்தின் வழியாக நாட்டின் பல பகுதிகளில் செயற்படுத்தப்பட்டு வருகிறது. எனினும் பெரும்பாலான காணிகள் இன்றும் பழைய உறுதிப் பதிவின் கீழேயே உள்ளன. புதிய முறையில் நில அளவைத் திணைக்களம் ஒவ்வொரு துண்டையும் அளந்து படமாக்க, உரித்து நிர்ணய ஆணையாளர் வர்த்தமானியில் அறிவித்தல் வெளியிட்டு உரிமை கோருவோரை அழைத்து விசாரித்து முடிவு செய்கிறார். உரித்து ஐயமின்றி நிறுவப்பட்டால் முதலாம் வகுப்பாகவும், சான்று அந்த அளவுக்கு முழுமையாக இல்லாதபோது இரண்டாம் வகுப்பாகவும் பதியப்படும். முதலாம் வகுப்பாகப் பதிந்தபின் பழைய உறுதிகளின் தொடரை யாரும் துருவிப் பார்க்க வேண்டியதில்லை. பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர். பத்தாண்டு எதிரிடையாக ஆண்டு அனுபவித்ததைக் காட்டி உரிமை கோரும் நீண்டகால ஆட்சி என்ற வழியும், அவ்வாறு பதியப்பட்ட காணிக்கு எதிராகச் செல்லாது.

வெளியூரில் வாழும் உரிமையாளருக்கு இது பெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் பதிவேடு இவ்வாறு கடந்தகாலத்தை மூடிவிடுவதால், விசாரணை நடக்கும் அந்தக் குறுகிய காலமே ஒரு குடும்பத்தின் உரிமையைத் தீர்மானிக்கும் காலமாகிவிடுகிறது. யாழ்ப்பாணத்துப் பழைய உறுதி ஒன்றின் அட்டவணையைப் பார்த்தால் இதன் கனம் விளங்கும்: காணியின் பெயர், இத்தனை பரப்பு, இத்தனை குழி, கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை என்று எல்லைகள், அதில் பிரிபடாத எட்டில் ஒரு பங்கு, அயற்காணியிலுள்ள கிணற்றில் பங்கு, அங்கிருந்து தண்ணீர் பாய்ச்ச வழி வாய்க்கால் பாத்தியதை. அந்த எல்லைக்காரர் இறந்து இரண்டு தலைமுறை ஆகியிருக்கலாம். பங்காளர் ஒருவர் கனடாவிலும் மற்றொருவர் வன்னியிலும் இருக்கலாம். ஊரில் இருப்பவர் மட்டும் அளவையாளருக்கு எல்லை காட்டினால், இல்லாதவரின் பங்கும் கிணற்றுப் பாத்தியதையும் பதிவேட்டில் ஏறாமல் போகும் வாய்ப்பு மிகுதி. தாயின் சீதனக் காணியை வாய்ப்பேச்சில் பங்கிட்டு, உறுதி முடிக்காமல் ஆண்டுவரும் சகோதரரும் இதே ஆபத்தில் இருக்கின்றனர்.

வர்த்தமானி அறிவித்தலைச் சாதாரண மக்கள் படிப்பார்கள் என்று எதிர்பார்ப்பதே இந்த ஏற்பாட்டின் பலவீனம். 2025 மார்ச் 28 ஆம் தேதி, வேறொரு சட்டமான காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான அறிவித்தல், வடக்கு மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் நிலத்துக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாக அறிவிக்கப்படும் என்றது. போரில் உறுதிகளை இழந்தவர்களும் நாட்டைவிட்டுச் சென்றவர்களும் நிறைந்த மாகாணத்துக்கு மூன்று மாத அவகாசம் என்பது நியாயமான அளவே அல்ல. எதிர்ப்புக் கிளம்பி, உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் மாதம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அந்த நெருக்கடி தணிந்தது. சட்டம் வேறானாலும் அறிவித்தலும் தவணையும் செயற்படும் விதம் ஒன்றே.

உறுதி தொலைந்திருந்தால், பதிவகத்தில் தோம்பு எனப்படும் பதிவேட்டைப் பார்த்து நொத்தாரிசின் பெயரையும் உறுதி இலக்கத்தையும் கண்டறிந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். காணியில் சந்தேகத்துக்குரிய கைமாற்றம் நடக்கக்கூடும் என்று அஞ்சுபவர், 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவகத்தில் எச்சரிக்கை அறிவித்தல் பதிந்து, புதிய பத்திரம் பதிவுக்கு வரும்போது தமக்குத் தெரிவிக்கச் செய்யலாம். உரித்து நிர்ணய ஆணையாளரின் முடிவால் பாதிக்கப்பட்டவர் மாவட்ட நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம்; மோசடியாலோ தவறாலோ ஏறிய பதிவைத் திருத்துவதற்கும் இழப்பீட்டு நிதியிலிருந்து ஈடு கோருவதற்கும் உரித்துப் பதிவுச் சட்டத்தில் இடமுண்டு. ஆயினும் விசாரணை நாளில் உறுதியோடு முன்னிற்பதே இவையனைத்திலும் செலவு குறைந்த வழி.

நேரில் வர இயலாதவர்கள் தம் முகவரியைக் கிராம அலுவலரிடம் எழுத்தில் கொடுத்துவைப்பதோடு, நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோர்ணித் தத்துவம், அதாவது தமக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுக்கலாம். அதில் காணியின் பெயரையும் உரித்து விசாரணையில் தோன்றும் அதிகாரத்தையும் மட்டும் குறிப்பிட்டு, விற்கும் அதிகாரத்தையும் ஈடுவைக்கும் அதிகாரத்தையும் தெளிவாக விலக்கி எழுதச் செய்ய வேண்டும்.